ஒரு அடி மிச்சம்

“ரோடு ஏன் சுவர் வரைக்கும் போகல? ஒரு அடி முன்னாடியே நிக்குதே?”

நகரமைப்பு அலுவலர் அம்மாவின் விரல் வரைபடத்தின் மேல் நின்றது.

மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வந்திருந்த அண்ணன் மடியில் இருந்த பையைத் தடவிக்கொண்டார். பக்கத்தில் இருந்த வரைவாளர்தான், எல்லைக்காக விட்டது மேடம் என்று மழுப்பினார்.

எல்லையாவது கில்லையாவது. மனை போடுகிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலைதான் அது. புதுச் சாலை முடிகிற இடத்தில் ஒரு அடி நிலத்தைத் தங்கள் பேரிலேயே வைத்துக்கொள்வார்கள். பின்னால் இருக்கிறவன் சாலையைப் பார்க்கலாம், கால் வைக்க முடியாது. வைக்க வேண்டுமென்றால் வந்து கேட்க வேண்டும்.

பின்னால் இருக்கிறவன் தம்பி. கூடப் பிறந்த தம்பி.

தம்பி வீட்டுக்கு வழி என்று இருப்பது ஒரு சந்து. எதிரே ஆள் வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். அண்ணன் மனசு வைத்தால் அவன் வீட்டுப் பின்சுவர் வரைக்கும் அகலமான சாலை வந்துவிடும்.

நல்ல விலை கேட்கலாம் என்று வரைபடம் போட்ட அன்றைக்கே வரைவாளர் கண்ணடித்தார். கூடப் பிறந்தவனிடமா இந்தக் கஞ்சத்தனம் என்று மனைவி திட்டித் தீர்த்தாள்.

அண்ணனுக்குப் பணம் ஒரு பொருட்டே இல்லை. தம்பி வந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சொத்து பிரித்த அன்று, இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசினால் நான் உன் தம்பி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனவன். சொன்னபடியே இருந்தான், ராட்சசன். அண்ணன் மட்டும் லேசுப்பட்டவரா? அவனைப் பற்றி எவனாவது சேதி கொண்டுவந்தால் வாசலோடு போய்விட வேண்டும் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர்களும் சொல் தட்டாமல் இருந்துவிட்டார்கள்.

ஆனால் இந்த ஒரு அடிக்காவது அவன் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்? விசாரணைக்கு வரச் சொல்லிப் பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு நகராட்சி அனுப்புகிற நோட்டீசில் தம்பி பேரும் விலாசமும் சரியாக இருக்கிறதா என்று தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவன் கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிடுவதாக இருந்தார். சுவரைத் தொடும்படி சாலை போட்ட இன்னொரு வரைபடம்கூட அவர் பையில் சுருட்டித் தயாராக இருந்தது.

அசட்டு மனுஷன். தம்பியைக் கூப்பிட அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

“பின்பக்க வீட்டுக்காரர் வந்திருக்காரா? ஆட்சேபனை இருந்தா சொல்லலாம்” என்றார் அலுவலர் அம்மா.

கடைசி வரிசையில் தம்பி எழுந்தான்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். இளைத்துப் போயிருக்கிறான். தலை முழுக்க நரை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறான். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இடது கையால் பிடித்துக்கொண்டு, அலுவலரைப் பார்க்காமல் நேரே அண்ணனைப் பார்த்தான்.

கேளுடா என்று அண்ணன் மனசுக்குள் கெஞ்சினார். ஒரு வார்த்தை கேளுடா.

தம்பி நின்றான். நின்றுகொண்டே இருந்தான். எதையோ மெல்லுவதுபோல உதடு மட்டும் அசைந்தது. மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ செருமினார்கள்.

இத்தனை பேர் முன்னால் இப்படி முறைக்கிறானே, இன்னும் திமிர் அடங்கவில்லையே என்று அண்ணனுக்குச் சுருக்கென்றது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அலுவலருக்கு இன்னும் நாலைந்து கோப்புகள் பாக்கி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆட்சேபனை இல்லை என்று எழுதிக்கொண்டார். உங்கள் தரப்பில் ஏதாவது மாற்றம் உண்டா என்று அண்ணனையும் ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

பை மடியில்தான் இருந்தது.

ஒன்றுமில்லை என்றார் அண்ணன். அனுமதி முத்திரை விழுந்தது.

அவர் எழுந்து வாசலுக்கு வரும்போது, கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். கையில் சூடாறாத ஜெராக்ஸ் தாள்கள். தம்பி மகள், முகமே சொன்னது. தம்பி கொடுக்க வந்த மனுவுக்கு மூன்று நகல் வேண்டும் என்று அவளை வெளியே விரட்டியிருக்கிறார்கள். கைக்குழந்தையாகப் பார்த்தது, இப்போது அவர் தோளுக்கு வளர்ந்திருந்தாள்.

“பெரியப்பா, அப்பா பேசினாரா?” மூச்சு வாங்கிற்று அவளுக்கு. “பக்கவாதம் வந்து பேச்சே போயிடுச்சு பெரியப்பா. ஆம்புலன்ஸ் சந்துக்குள்ள வரல. நாற்காலில வச்சுத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள லேட்டாயிடுச்சு. நான் பேசறேன்னா கேக்கல, நானேதான் கேப்பேன்னு சைகை காட்டறாரு. காலையில எழுந்தா ராத்திரி வரைக்கும் ‘அண்ணா’ங்கற ஒரு வார்த்தைய மட்டும்தான் சொல்லிப் பாத்துட்டு இருக்காரு. நேத்து பாதி வந்துச்சு. இன்னிக்கு வந்துச்சா?”

அண்ணன் வாசலை ஒட்டிய கடைசி வரிசையைப் பார்த்தார். அந்த உதட்டைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

“கூப்பிட்டான்மா” என்றார். “நல்லாக் கேட்டுச்சு.”

அவள் முகமெல்லாம் சிரிப்பாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

தம்பி, நாற்காலியை விடாமல், இல்லை என்று தலையாட்டினான்.