வெள்ளைச் சாமந்தி

செண்டாய் ரயில் நிலைய வாசலில் டாக்சியில் ஏறிய சிசுருவைக் கண்ணாடியில் பார்த்தார் டிரைவர் உதகாவா. கறுப்பு உடை, கையில் வெள்ளைச் சாமந்தி, தூக்கம் கெட்ட கண்கள்.

"மருத்துவக் கல்லூரிக்குப் பின்னாடி, அந்த நினைவுக்கல் கிட்ட இறக்கிவிடுங்க."

"அஞ்சலிக்காம்மா?"

"ஆமாங்க. வருஷா வருஷம் வர்றேன். எல்லாம் என் பையன் கியோஹேயாலதான். ஒன்பது வயசு. பிறக்கும்போதே சிறுமூளை சரியா வளரல."

"அப்படின்னா நடை தள்ளாடுமாமே?"

"எனக்கும் முதல்ல அதை மட்டும்தான் சொன்னாங்க. பேச்சு, யோசனை, நாலு பேரோட பழகுறது எல்லாத்துலயும் சிறுமூளைக்குப் பங்கு இருக்குன்னு போகப் போகத்தான் தெரிஞ்சுது. 'அம்மா'ன்னு கூப்பிடவே அவனுக்கு அஞ்சு வயசு ஆச்சு."

வண்டி நின்றதும் உதகாவா இறங்கி, அவள் பக்கக் கதவைத் திறந்து, தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளையக் குனிந்தார்.

"மனசைத் தேத்திக்கோங்கம்மா. பையனோட ஆத்மா சாந்தியடையட்டும்."

"அய்யோ, அவன் இப்ப ஸ்கூல்ல இருக்கானுங்க!"

உதகாவா திடுக்கிட்டு நிமிர்ந்தார். வெள்ளைக் கோட்டு போட்ட ஆராய்ச்சியாளர்கள் வரிசையில் நின்று பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்லில் ஓர் எலி செதுக்கப்பட்டிருந்தது.

"சோதனை எலிங்களுக்கா? அதுக்குப் போயா இவ்வளவு தூரம் வர்றீங்க?"

"என் பையனுக்கு என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கச் செத்ததுங்க." சிசுரு அலுப்புடன் சாமந்தியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "ஒன்பது வருஷமா பார்க்கிறவங்க எல்லாரும் என்கிட்டயே அனுதாபம் சொல்றாங்க. வருஷத்துல ஒரு நாளாவது நான் யாருக்காவது சொல்ல வேணாமா?"