விடியும்வரை எரிந்தது

“பச்சைப் பொய்!” கலங்கரை விளக்கத்தின் வரலாற்றுப் பலகையைக் கைத்தடியால் ஓங்கித் தட்டினார் முதியவர். ‘அறுபது ஆண்டுகளில் ஓர் இரவும் அணையாத விளக்கு’ என்று அதில் எழுதியவள், பக்கத்தில் நின்ற காட்சிக்கூட அதிகாரிதான். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“ஐயா, வாய்க்கு வந்தபடி எழுதல. ஆதாரம் இருக்கு.”

“எழுபத்தெட்டுல ஒரு ராத்திரி அணைஞ்சு கிடந்துச்சும்மா! பாறையில படகு மோதி பதினோரு பேர் போயிட்டாங்க!”

படகில் யாரையோ பறிகொடுத்தவர் போலும். கோபத்தை விழுங்கிக்கொண்டு பழைய பதிவேட்டைப் பிரித்துக் காட்டினாள்.

“பாருங்க, அந்தத் தேதியில ‘விளக்கு விடியும்வரை எரிந்தது’ன்னு அப்போதைய விளக்குக் காவல்காரரே கைப்பட எழுதியிருக்காரு.”

“அந்தக் கை இதுதான்!” பதிவேட்டில் ஓங்கி அறைந்தார் முதியவர். “விடிஞ்சப்புறம் முழிச்சவன் வேற என்னத்த எழுதுவான்?”