கேமரா கேட்ட கேள்வி

ஒரு வீட்டு வாசலில் கேமரா மாட்டியதும், அந்த வீட்டுக்குக் காவலிருந்த செவலை நாய்க்கு வேலை போய்விட்டது. தெருவில் தலைகாட்டினால் போதும், "வேற வேலை கிடைச்சுதா?" என்று பூனையும் காக்கையும் பிடித்துக்கொண்டன. அதற்குப் பயந்தே செவலை ஊரெல்லாம் சுற்றித் திரிந்தது.

தன்னிடம் இல்லாதது அந்தக் கேமராவிடம் அப்படி என்னதான் இருக்கிறது? ஒருநாள் பார்த்துவிடலாம் என்று பழைய வாசலுக்கே போய் அண்ணாந்து நின்றது.

"வாங்கண்ணே," என்றது கேமரா.

இதுவும் அதையேதான் கேட்கப்போகிறது என்று செவலை திரும்பிப் போகப் பார்த்தது.

"எனக்கு இந்த வாசலை விட்டா ஒண்ணும் தெரியாது. அந்தத் தெருமுனையைத் தாண்டினா என்னண்ணே இருக்கு?"

செவலை திகைத்துப்போனது. பிறகு வசதியாக உட்கார்ந்துகொண்டு, "முதல்ல ஒரு கறிக்கடை வரும்," என்று ஆரம்பித்தது.

பொழுது சாயும்வரை பேச்சு அந்தக் கறிக்கடையைத் தாண்டவில்லை.