ஐந்தாவது பெயர்

நாலு பெயர்கள் பத்தே நிமிடத்தில் முடிவாகிவிட்டன. ஐந்தாவதில்தான் கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது.

மெல்பேர்ணில் உள்ள பல்கலைக்கழகங்களின் தமிழ் மாணவர் சங்கங்கள் சேர்ந்து நடத்தும் பெண்கள் கூடைப்பந்துத் தொடர் அது. எட்டு அணிகள். பாதி ஆட்டங்கள் முடிந்ததும், அதுவரை ஆடியதில் சிறந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் வெளியிடுவார்கள்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். தலைவர் கௌரிசங்கர், கோயம்புத்தூர்க்காரர். அடுத்தவர் விக்னராஜா, கிளேட்டன் அணியின் பயிற்சியாளர். மூன்றாவது ஆள் கீர்த்தனன். வேலை மாறி சிட்னியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது. குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறதென்று அவனைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். ஓர் ஆட்டம்கூட அவன் பார்த்ததில்லை. கையில் ஸ்கோர் ஷீட்டுகள் மட்டும்.

"இதில கதைக்க என்ன இருக்கு?" என்றான். "மிருணாளினி. ஏழு மட்ச், நூற்றிப் பன்னிரண்டு பொயின்ற்ஸ். அவவைவிட ஆரும் கூட எடுக்கேல்லை."

சொன்னவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அந்தப் பெயரை மூன்று பேருமே கடைசிவரை தொடாமல் வைத்திருந்தார்கள்.

மிருணாளினி விக்னராஜாவின் மகள். மூன்று வாரத்துக்கு முன், ஏழாவது ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில், நோபல் பார்க்குக்குக் கிட்ட நடந்த கார் விபத்தில் இறந்துபோனாள். கீர்த்தனன் கேள்விப்பட்டிருந்தது அவ்வளவுதான்.

"ஆமா" என்றார் கௌரிசங்கர். "மிருணா பேர் இல்லாம எப்படி லிஸ்ட் போடறது? என் ஓட்டும் அதுக்குத்தான்."

விக்னராஜா தலை நிமிரவில்லை. "என்ர வோட் சயந்தினிக்கு."

கீர்த்தனன் தேடிப் பார்த்தான். மிருணாளினி ஆடிய அதே கிளேட்டன் அணிதான்.

"அண்ணை, இந்தப் பிள்ளை எடுத்தது முப்பத்தொண்டுதானே."

"பொயின்ற்ஸை விடும். அசிஸ்டைப் பாரும்."

பார்த்தான். மற்றவர்கள் கூடைக்குள் போடுவதற்கு வாகாகப் பந்து கொடுத்த கணக்கு அது. சயந்தினிதான் முதலாவது.

"மிருணா போட்டதில அரைவாசி அவள் குடுத்த பந்து" என்றார் விக்னராஜா.

"அப்ப ரெண்டு பேரையும் போடுவம். மற்ற நாலு பேரில ஒராளைப் பட்டியலில இருந்து எடுப்பம்."

"அதுகள் ஓடி உழைச்சு எடுத்த இடம் தம்பி. ஏன் எடுக்கோணும்?"

"நீங்கள் மிருணாளினியின்ர அப்பா. சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனீங்களோ?"

"கதைக்கட்டும்."

"வீட்டில அவவின்ர அம்மா பார்த்தா?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன். விளையாடுற பிள்ளைக்குக் குடுப்பம். இல்லாத பிள்ளைக்கு இது என்னத்துக்கு?"

பெற்ற தகப்பன் சொல்லுகிற சொல்லா இது என்றிருந்தது கீர்த்தனனுக்கு.

கௌரிசங்கர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். விக்னராஜாவையே வெகுநேரம் பார்த்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஓம்."

"அப்ப என் ஓட்டும் சயந்தினிக்கே."

இரண்டுக்கு ஒன்று. முடிந்தது. சற்று முன் ஒன்று சொல்லி, ஒரே நிமிடத்தில் மாற்றிச் சொல்லுகிற தலைவர். செத்துப்போன மகளுக்குக் கிடைக்கவிருந்த ஒரே ஒரு மரியாதையையும் தட்டிப் பறிக்கிற தகப்பன். கீர்த்தனனுக்கு இருவரையும் பார்க்கவே பிடிக்கவில்லை.

"எனக்கும் ஒரு மகள் இருக்கிறா, அண்ணை" என்றான். "நான் இப்பிடிச் செய்யமாட்டன்."

விக்னராஜா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "போட்டு வாறன்" என்று மட்டும் சொன்னார். இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டே நின்றார். கௌரிசங்கர் போய்த் திறந்து, அவர் தோளைப் பிடித்துக் கூடவே வெளியே போனார்.

தெரிவானவர்களுக்கு அறிவிப்பது கீர்த்தனனின் வேலை. நாலு பிள்ளைகளும் போனில் துள்ளினார்கள். சயந்தினி மூன்றாம் தரம் அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"சிறந்த ஐந்து பேரில நீரும் ஒராள். வாழ்த்துகள்" என்றான், சம்பிரதாயத்துக்கு.

"சொறி அண்ணா, மிஸ்டேக் போல. அது மிருணாவா இருக்கும்."

"இல்லை, நீர்தான்."

"ப்ளீஸ், பேரை எடுத்துவிடுங்கோ. நான் கிளேட்டன் ரீமை விட்டிட்டன். இனிப் பந்தே தொடமாட்டன். என்னால ஏலாது."

"ஏன்?"

"உங்களுக்குத் தெரியாதா?" குரல் உடைந்தது. "அண்டைக்குக் கார் ஓடினது நான்தான். சிவப்பு விழுந்த பிறகும் வந்த ட்ரக்தான் அடிச்சது, என்னில பிழை இல்லை எண்டு பொலிஸ் சொன்னது. ஆனா சனம் அப்பிடிச் சொல்லேல்லை. செத்தவீட்டுக்குப் போக எனக்குத் துணிவு வரேல்லை அண்ணா. மூண்டு கிழமையா அறையை விட்டு வெளிக்கிடேல்லை."

கீர்த்தனன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

அவள் அழுதுகொண்டே கேட்டாள்: "என்ர பேரை அதில கண்டா, விக்னராஜா அங்கிள் என்ன நினைப்பார்?"

"உம்மட பேரைச் சொன்னவரே அவர்தான், அம்மா."