மூன்று டிகிரி சாய்வு

ஆராய்ச்சிப் பட்டத்தோடு வேலை கேட்டு வந்தவளுக்குக் கம்பெனியின் புது இயந்திரத்தைப் பெருமையாகக் காட்டினார் மேனேஜர். உப்புநீரை ஊற்றினால் குடிநீர் வருமாம்.

"முழுக்க எங்க மூளைம்மா. உங்க பல்கலைக்கழகத்துல இருக்கறதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். கறிக்கு உதவாது!"

"ஏன் சார் இது ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது?"

"அதுலதான் சூட்சுமமே இருக்கு. சரியா மூணு டிகிரி. எங்க ஆளுங்க ஆறு மாசம் மண்டைய உடைச்சுக்கிட்டுக் கண்டுபிடிச்சது."

இரண்டு வருடத்துக்கு முன் இதே கம்பெனிக்காரர்கள் அவளுடைய ஆய்வகத்துக்கு வந்து, அவள் செய்து வைத்திருந்த மாதிரியைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் போணியாகாதும்மா" என்று கைவிரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"சூட்சுமமெல்லாம் ஒண்ணுமில்ல சார்," என்றாள். "எங்க ஆய்வகத்து மேசைக்கு ஒரு கால் குட்டை."