பனையோலைக்கு ஒரு மாதம்

அந்தக் காட்டில் யாராக இருந்தாலும் வளை வாசலில் அடையாளத்துக்கு ஓர் ஆலிலைதான் தொங்கவிடலாம், அதற்குமேல் கூடாது என்பது சபையின் விதி. பாறையடியில் குடியிருந்த முயல் பனையோலை கட்ட அனுமதி கேட்டு உடும்பிடம் போனது. விதிகளைப் பார்த்துக்கொள்வது உடும்புதான்.

“உனக்குத் தந்தால் நாளைக்கு நரியும் வந்து நிற்குமே, அம்மா!” என்றது உடும்பு.

“வெள்ளத்தில் நானும் அக்காவும் பிரிந்துவிட்டோம், ஐயா. ஆற்றங்கரை வளை அழிந்துபோய் நான் இங்கே வந்தது அவளுக்குத் தெரியாது. அவளுக்குக் கண் மங்கல், ஆலிலையெல்லாம் தெரியாது. பனையோலை என்றால் காற்றில் சலசலக்கும். நாங்கள் பிறந்து வளர்ந்தது பனங்காட்டில். அந்தச் சத்தம் கேட்டால் நிற்பாள்.”

“ஒரு மாதம். அதற்குமேல் என் கையில் இல்லை,” என்றது உடும்பு.

முயல் ஓலையைக் கட்டியது. காற்று வீசும்போதெல்லாம் வாசலுக்கு ஓடிவந்து பாதையைப் பார்த்தது. ஒருநாள் முள்ளம்பன்றி ஒன்று வந்து வழி கேட்டுவிட்டுப் போனது. வேறு யாரும் வரவில்லை.

முப்பதாம் நாள் சாயங்காலம் உடும்பு வந்தது. முயல் முடிச்சை அவிழ்க்கப் போனது.

“இரு. கெடு இன்றைக்குத்தான். ஆனால் பொழுது இன்னும் இருக்கிறதே,” என்று உடும்பு அதன் பக்கத்தில் உட்கார்ந்தது.

பொழுது சாய்ந்த பிறகும் உடும்பு எழுந்திருக்கவில்லை. ஓலை சலசலக்கும்போதெல்லாம் இரண்டும் தலையைத் தூக்கிப் பாதையைப் பார்த்தன.