பூட்டும் வாளியும்

"கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வராதே மாப்ள! பாதிக் கடை இனிமே என்னுது!"

அவள் கணவன் தரையில் குனிந்து, துணிக்கு அடையாளம் போடும் சாக்பீஸால் கடையின் நடுவே கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

"தாராளமா வெச்சுக்கங்க மாமா. மெஷின் மூணும் என் பக்கம். நீங்க கத்திரிக்கோலை வெச்சுக் காத்தை வெட்டுங்க!" என்றான் அவள் தம்பி.

அவள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். பக்கத்துக் கடைக்காரர் போன் செய்ததும் அச்சக வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். ஒன்பது வருஷமாகக் கணவன் வெட்ட, தம்பி தைக்க, ஒன்றாக நடந்த தையல் கடை. அவனுக்குத் தைக்க வராது. இவனுக்கு வெட்ட வராது. பிரித்தால் இரண்டு கடை ஆகாது, இருக்கிற ஒன்றும் போய்விடும். தெருவில் போகிற குழந்தைக்குக்கூட இது புரியும். தேர்தல் ஜுரம் ஏறிய இந்த இரண்டு மேதாவிகளுக்குத்தான் புரியவில்லை.

நாளை மறுநாள் ஓட்டு. கணவன் பூட்டுச் சின்னத்துக்காரரின் ஆள், தம்பி வாளிச் சின்னத்துக்காரரின் ஆள். இரண்டு வாரமாகத் தைத்த துணியோடு துணியாக ஆளுக்கொரு தேர்தல் அறிக்கையை மடித்து வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் வாங்கிப்போன வாடிக்கையாளர்களும் உண்டு.

"அக்கா, பூட்டு ஜெயிச்சா ஊரையே பூட்டிட்டுச் சாவியை எடுத்துட்டுப் போயிடுவான்!"

"உன் வாளிக்கு அடியே இல்லடா! ஊத்தி ஊத்திப் பாரு, நிக்குதான்னு!"

அளவு பார்க்கும் மறைப்பின் திரையை விலக்கிக்கொண்டு ஒரு தலை எட்டிப் பார்த்தது. பஸ் கண்டக்டர்.

"ஏம்பா, என் பேன்ட் யார் பங்குல வருது? எனக்கு நாலு மணிக்கு டியூட்டி."

பேன்ட் கோட்டின் மேலேயே கிடந்தது. ஒரு கால் பூட்டுப் பக்கம், ஒரு கால் வாளிப் பக்கம்.

"சரி, பிரிஞ்சுக்கங்க. நான் குறுக்கே நிக்கல" என்றாள் அவள். இருவரும் திடுக்கிட்டார்கள். "ஆனா எதுக்காகப் பிரியறீங்கன்னு எனக்குத் தெரியணும். ஏங்க, உங்க ஆளு அறிக்கையில அப்படி என்னதான் இருக்கு?"

"எல்லாம் இருக்கு!"

"அதான், என்ன?"

"அட்டையிலயே போட்டிருக்கே. 'இனி நம் காலம்'!"

"உள்ளே?"

கணவன் தலையைச் சொறிந்தான். "உள்ளே... நல்லதாத்தான் போட்டிருப்பாங்க."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"நீ என்னடா சிரிக்கிறே? நீ படிச்சியா?"

"தைக்கவே நேரம் பத்தலக்கா..."

"மொத்தமே எட்டுப் பக்கம்! அதைப் படிக்க நேரமில்ல, கடையை உடைக்க மட்டும் நேரமிருக்கா? எடுங்க ரெண்டு பேரும். அவர் ஒண்ணு படிக்கட்டும், அடுத்ததை உன் தாள்ல இருந்து நீ படி. எங்கே ஒத்து வரலையோ அங்கே நிறுத்துங்க. அந்த இடத்துல நானே பிரிச்சு விடறேன்."

கணவன் தொண்டையைச் செருமினான். "ஒன்று. எல்லா வீட்டுக் குழாய்க்கும் தினமும் இரண்டு மணி நேரம் தண்ணீர்."

தம்பி விட்டுக்கொடுக்கவில்லை. "இரண்டு. பேருந்து நிலையத்தில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை!"

"மூன்று. வாசகசாலை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும்!"

"நான்கு. மழை வருவதற்கு முன்பே சாக்கடை தூர்வாரப்படும்!"

வேகம் ஏறியது. பத்து, பதினொன்று என்று பட்டாசு மாதிரி வெடித்துக்கொண்டே போனார்கள். கண்டக்டர் திரைக்குப் பின்னாலிருந்து கைதட்டினார்.

"அடேயப்பா, கோர்வையா இருக்குப்பா! யாரோட அறிக்கை இது?"

"எங்களுது!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கணவன் மச்சினனின் தாளைப் பிடுங்கித் தன் தாளோடு ஒட்டிப் பிடித்தான். விரலை வைத்து இறங்கினான். முதல் பக்கம், மூன்றாம் பக்கம், எட்டாம் பக்கம். வரிக்கு வரி ஒன்றேதான்.

"உங்க ஆளு காப்பியடிச்சிருக்கான்டா!"

"உங்க ஆளுதான் மாமா!" என்று கத்திய தம்பிக்குப் பாதியிலேயே குரல் இறங்கியது. "இல்ல மாமா... ரெண்டு பேரும் கூட்டு. நம்மளை மோத விட்டுட்டு உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கானுங்க."

"இதுக்காகவா ரெண்டு வாரமா உன்கூடச் சோறு திங்காம இருந்தேன்?" கணவனின் கண் கலங்கிவிட்டது. கோட்டை மிதித்துக்கொண்டு போய் மச்சினனின் தோளில் கை போட்டான். "வாடா மாப்ள! நடுத்தெருவுல நிக்க வெச்சுக் கேப்போம்!"

"நானும் வரேன்!" என்று வீராவேசமாகத் திரையை விலக்கிய கண்டக்டர், இடுப்புக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

கடை பிழைத்தது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் முகம் வெளிற, வாசலில் இரண்டு கைகளையும் விரித்து வழிமறித்தாள்.

"போகாதீங்க. யாரும் யாரையும் காப்பியடிக்கல. எங்க அச்சகத்துல ரெண்டையும் கம்ப்யூட்டர்ல வடிவமைச்சது நான்தான். பக்கம் சரியா வருதான்னு பார்க்க, போன தேர்தல் அறிக்கை ஒண்ணை உள்ளே போட்டு வெச்சேன். ரெண்டுலயும் அதை எடுத்துட்டு அவங்கவங்க எழுதிக் கொடுத்ததைப் போட மறந்துட்டேன். யாராவது போன் பண்ணித் திட்டுவாங்க, வேலை போயிடும்னு ரெண்டு வாரமா செத்துப் பிழைக்கிறேன். ஊர்ல ஒருத்தர்கூடக் கூப்பிடல."

"அச்சடிக்கிறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு பேர்ல ஒருத்தராவது பார்த்திருக்க மாட்டாங்களாக்கா?"

"பார்த்தாங்களே! ரெண்டு வேட்பாளரும் நேர்லயே வந்து, எட்டுப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்து, 'போட்டோ நல்லா வந்திருக்கு'ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க."